மாசிலாமணி கிட்டார் வாசித்த கதை

"டீச்சர், ஒரு பாட்டத் தப்பே இல்லாம வாசிக்கதுக்கு எவ்வளவு நாளாகும்?"

கேட்டவர் மாசிலாமணி. வயது அறுபத்திரண்டு. கேட்டுவிட்டு, மடியிலிருந்த கிட்டாரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். எட்டு மாதமாகியும் அது அவர் மடியில் ஒழுங்காக உட்காரப் பழகவில்லை.

கேள்வியை வாங்கிக்கொண்டவள் கெசியா. வயது இருபத்தெட்டு. பாளையங்கோட்டையில் ஒரு டயர் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் கிட்டார் கற்றுக்கொடுக்கிறாள். கீழே காற்றடிக்கிற சத்தம்தான் மேலே எல்லாப் பாட்டுக்கும் பக்கவாத்தியம்.

"யாருக்கு?" என்றாள்.

"எனக்குத்தான் டீச்சர்."

"கத்துக்கிடுதது உங்களுக்கு. வாசிக்கது யாருக்கு?"

மாசிலாமணி ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே பதில் எதுவும் இல்லை.

"சும்மாதான்," என்றார்.

"சும்மா வாசிக்கதுல தப்பு இருந்தா என்ன அண்ணாச்சி?"

மாசிலாமணி ஓர் அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் புரூஃப் பார்த்தவர். கல்யாணப் பத்திரிகை, பாடப்புத்தகம், தேர்தல் நோட்டீஸ் எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். பெற்றவர்கள் என்ன நினைத்து அந்தப் பெயரை வைத்தார்களோ, மனிதர் கடைசிவரை பிழையைப் பிடித்தே பிழைத்தார். மகள் விடுதியிலிருந்து எழுதிய முதல் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி அவளுக்கே திருப்பி அனுப்பிய புண்ணியவான். இரண்டாவது கடிதம் வரவேயில்லை.

இப்படிப்பட்டவர் கிட்டார் கற்க வந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

பாட்டை ஆரம்பிப்பார். இரண்டாவது வரியில் எஃப் கார்டு என்கிற சுரக்கூட்டு வரும். அதற்கு ஆள்காட்டி விரல் படுத்துக்கொண்டு ஆறு கம்பிகளையும் ஒரே அமுக்காக அமுக்க வேண்டும். அவர் விரல் ஐந்தை அமுக்கும், ஒன்றை மறந்துவிடும். 'டப்' என்று ஒரு செத்த சத்தம் வரும். உடனே நிறுத்துவார். சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து எந்த வரி, எந்தக் கம்பி என்று குறித்துக்கொள்வார். பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

எட்டு மாதத்தில் இரண்டு நோட்டு தீர்ந்துவிட்டது. பாட்டின் இரண்டாம் பாதியை அவர் கிட்டாரில் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவரே கேட்டதில்லை.

"அத இங்க தாங்க," என்று கெசியா நோட்டை வாங்கினாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"அழகா இருக்கு. இதுல பாட்டு எங்க இருக்கு?"

"பாட்டு இல்ல டீச்சர். பிழை மட்டும்தான்."

"அப்படியா?" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். கேலி செய்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அந்த நேரம் கீழேயிருந்து உளுந்தவடை வந்தது. கெசியா வடைகளைத் தட்டில் போட்டுவிட்டு, சுற்றி வந்த செய்தித்தாள் துண்டை அவரிடம் நீட்டினாள்.

"இத வாசிங்க."

மாசிலாமணி கண்ணாடியை மாட்டினார். அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.

"மூணு பிழை. ரெண்டு இடத்துல ஒற்று விட்டுருக்கான். கடைசியில 'கிணற்றில்'னு வரணும், 'கிணறில்'னு போட்டுருக்கான். படிச்சவன் பாத்த மாதிரியே இல்ல."

"என்ன சேதி?"

"டீச்சர்?"

"பேப்பர்ல என்ன சேதி போட்டுருக்குன்னு கேட்டேன்."

மாசிலாமணி மறுபடியும் தாளைப் பார்த்தார். இந்தத் தடவை ரொம்ப நேரம் ஆயிற்று. திடீரென்று நிமிர்ந்தார்.

"கிணத்துல மாடு விழுந்திருக்கு டீச்சர். தூக்கப் போன ஆளும் விழுந்திருக்கான். ஐயையோ, ரெண்டு நாளு மாட்டு முதுகுலயே உக்காந்திருந்திருக்கான்!"

"பொறவு? ஆள எடுத்தாங்களா?"

"தெரியலயே, அந்த இடம் எண்ணெயில ஊறிட்டு."

இருவரும் சேர்ந்து தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பிரயோஜனமில்லை.

"வாசிங்கன்னு சொன்னேன் அண்ணாச்சி," என்றாள் கெசியா. "நீங்க பாத்திய."

"அது வேற, இது வேற டீச்சர். புரூஃப் வாசிக்கேன்னு யாராவது சொல்லுவானா? புரூஃப் பாக்கேன்னுதான் சொல்லுவான். முப்பத்தாறு வருஷத்துல எத்தன ஆயிரம் பக்கம் பாத்திருப்பேன். ஒரு புஸ்தகம் வாசிச்சதில்ல."

பெருமையாகத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடிக்கும்போது பெருமையைக் காணோம்.

கெசியா வடையைத் தின்றாள். அன்றைய வகுப்பு அவ்வளவுதான்.

*

அடுத்த வகுப்பில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"யாருக்குன்னு கேட்டியள்லா. என் வீட்டுக்காரிக்கு."

கெசியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"புஷ்பத்துக்கு இந்தப் பாட்டு உசுரு. ஹாஸ்டல்ல படிக்கையில பொம்பளப் பிள்ளைகளாச் சேர்ந்து கட்டுன பாட்டாம். அவ பழைய நோட்டுல சுரத்தோட இருந்ததப் பாத்து எழுதித்தான் உங்ககிட்ட கொண்டாந்தேன். கல்யாணமான புதுசுல எந்நேரமும் பாடுவா. அரிசி களைஞ்சா பாட்டு, துணி மடிச்சா பாட்டு."

"இப்பம்?"

"ஒருநாளு நான் வீட்டுல உக்காந்து புரூஃப் பாத்துக்கிட்டு இருந்தேன். இவ பாடுதா. 'மளை'ன்னு பாடுதா. நான் தலையக்கூட நிமிரல. 'மளை இல்ல, மழை'ன்னேன்."

"அவங்க?"

"சரின்னா."

"பொறவு?"

"பொறவு பாடல."

"எத்தன நாளு?"

"முப்பத்துநாலு வருஷம்."

கீழே யாரோ டயரைத் தரையில் போட்டார்கள். அறை ஒருமுறை அதிர்ந்தது.

"கோவிச்சுக்கிடல்லாம் இல்ல டீச்சர். நல்லாத்தான் இருந்தோம். ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காந்தப்பதான் எனக்கே உறைச்சுது, இந்த வீட்டுல குக்கரைத் தவிர வேற எதுவும் சத்தம் போடலன்னு. பாடேன்னு கேட்டேன். எனக்கு என்ன பாடத் தெரியும்னுட்டா. நான் தப்பில்லாம வாசிச்சுக் காமிச்சா, கூடச் சேர்ந்து பாடுவாளோன்னு ஒரு நெனப்பு. வேற எனக்கு என்ன டீச்சர் இந்த வயசுல கிட்டாரு?"

சொன்னபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. துக்கமாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்கக் கண்ணாடியைத் துடைத்தார்.

"வீட்டுல வாசிக்கையில அவங்க என்ன செய்யுதாங்க?"

"அடுப்படிக் கதவச் சாத்திக்கிடுதா."

"எப்பம் சாத்துதாங்க? நீங்க ஆரம்பிக்கையிலயா, நிறுத்தையிலயா?"

மாசிலாமணி யோசித்தார். ஒற்று விட்டதைப் பத்தடி தூரத்திலிருந்து பிடிக்கிறவருக்கு இது தெரியவில்லை.

"கவனிக்கலயே."

"கவனிச்சுட்டு வாங்க."

இரண்டு நாள் கழித்து மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"நிறுத்தையில டீச்சர்! ஒவ்வொரு தடவ நிறுத்தும்போதும் சாத்துதா. நேத்து மட்டும் ஒம்பது தடவ."

"ஒம்பது தடவ சாத்துனாங்களா?"

"ஆமா."

"அப்படின்னா நடுவுல எட்டுத் தடவ தொறந்திருக்கணும்லா?"

மாசிலாமணி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எட்டுதான் வந்தது.

*

அதற்கு அடுத்த வாரம் கெசியா ஒரு குண்டைப் போட்டாள்.

"கோயில் அசனத்துல உங்க பேரக் குடுத்திருக்கேன்."

அசனம் என்பது வருடத்தில் ஒருநாள் தேவாலயத்துச் சபை மொத்தமும் ஒரே பந்தலில் உட்கார்ந்து ஒரே குழம்பைச் சாப்பிடுகிற விருந்து. சாப்பாட்டுக்கு முன்னால் கலைநிகழ்ச்சி நடக்கும். முன்னால் நடத்துவதற்குக் காரணம் உண்டு. பின்னால் வைத்தால் மைக் செட்காரரைத் தவிர ஒருத்தரும் இருக்கமாட்டார்.

"டீச்சர், எனக்குப் பாட்டே பாதிதான் தெரியும்!"

"ரெண்டு வாரம் இருக்கு. வாசிங்க."

வாசித்தார்.

மாடி மேலே துணி கிடக்கு, மழை இருட்டிக்கிட்டு நிக்குது,
ஓடிப் போயி எடுக்கச் சொன்னா ஊரே எம்மூஞ்சப் பாக்குது.

'டப்.'

மாசிலாமணி நிறுத்தினார். நோட்டை எடுத்தார்.

கெசியா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

போனில் பேசப் போயிருப்பாள் என்று காத்திருந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. கீழே எட்டிப் பார்த்தால், டயர் கடை பெஞ்சில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இறங்கிப் போனார்.

"என்ன டீச்சர், பாதியில வந்துட்டிய?"

"பாதியா? பாட்டு நின்னுச்சு. முடிஞ்சுட்டுன்னுலா வந்தேன்."

மறுபடியும் மாடியேறினார்கள். மறுபடியும் 'டப்'. மறுபடியும் செருப்பு. அன்று மட்டும் நான்கு முறை மாசிலாமணி அந்தப் படிகளை ஏறி இறங்கினார். முழங்கால் கெஞ்சியது. கோபமும் வந்தது. பணிவிடை செய்கிற மாதிரி ஒரு சின்னப் பெண்ணின் பின்னாலேயே போய் நிற்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது.

மறுநாளும் அதே கதை.

மூன்றாம் நாள் 'டப்' என்றதும் கெசியா எழுந்தாள். மாசிலாமணிக்கு அந்தப் படிகள் கண் முன்னால் வந்தன. கை தன் பாட்டுக்கு அடுத்த கார்டுக்கு ஓடிவிட்டது.

கெசியா உட்கார்ந்தாள்.

இன்னொரு இடத்தில் விரல் வழுக்கியது. பாதி எழுந்தாள். அவர் அடுத்த கார்டுக்கு ஓடினார். உட்கார்ந்தாள்.

அப்படியே ஓடி ஓடி, பாட்டின் மறுபாதிக்குள் போய்விட்டார்.

செவப்புச் சேலை சாயம் விட்டுச்சு, சேந்த துணிக்கெல்லாம் கலியாணம்,
கவலைப்பட்டு என்ன பண்ண, காத்துல ஆடுது ஊர்கோலம்.

கடைசிக் கம்பி அதிர்ந்து அடங்கியது.

"இப்படியா முடியுது இந்தப் பாட்டு?" என்றார் மாசிலாமணி. சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்துநாலு வருடத்துக்கு முன்னால் கேட்டது அவருக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது.

நோட்டை எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டார். எதை எழுதுவது, எத்தனை இடம் என்று ஞாபகமில்லை. கை வெறுமனே திரும்பி வந்தது.

*

அசனத்துக்கு முதல் நாள் கேட்டார்.

"டீச்சர், மேடையில தப்பு வந்தா?"

"வரும்."

"வந்தா என்ன செய்யணும்?"

கெசியா கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"கீழ உக்காந்திருக்கவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க அண்ணாச்சி."

"மிச்சமா? என்னத்த?"

அவள் விளக்கை அணைத்துவிட்டாள். வகுப்பு முடிந்தது.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார். மிச்சம் வைப்பதற்கு அது என்ன சோறா, குழம்பா என்று நினைத்தார். வார்த்தையில் ஏதாவது அச்சுப்பிழை இருக்குமோ என்றுகூடத் தோன்றியது.

*

அசனத்தன்று மதியம் ஒரு மணி. பந்தல் நிறைய ஜனம், நானூறு பேராவது இருக்கும். பின்பக்கத்து அண்டாவிலிருந்து கறிக்குழம்பு வாசம் கிளம்பி வந்துகொண்டிருந்தது. அந்த வாசத்தில் சங்கீதம் கேட்பதற்கு ஒருத்தருக்கும் நிதானம் இல்லை.

மாசிலாமணி மேடையேறினார். புஷ்பம் நாலாவது வரிசையில், முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன பாட்டு என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தினமும் வீட்டில் கேட்கிற பாட்டுக்கு என்ன அறிவிப்பு?

பாட வேண்டியதில்லை, கம்பியில் வாசித்தால் போதும் என்பது மட்டும்தான் ஆறுதல்.

ஆரம்பித்தார்.

'ஓடிப் போயி'யில் ஒரு கம்பி செத்தது. போனார். அதற்குப் பிறகு எங்கோ சுரம் தடம் மாறியது. போனார். சேலைக்கு வந்தபோது விரல் ஒரு கட்டம் தள்ளி விழுந்தது. போனார். கடைசியில் ஊர்கோலம் கொஞ்சம் தள்ளாடிக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தது.

கைதட்டினார்கள். பாட்டுக்குத் தட்டினார்களா, இனிமேல் இலை போடுவார்கள் என்று தட்டினார்களா, அது அவரவர் மனசாட்சிக்கு வெளிச்சம்.

மாசிலாமணி புஷ்பத்தைப் பார்த்தார். அவள் கைதட்டவில்லை. உதடு அசையவில்லை. மேடையைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

கீழே இறங்கியபோது அவருக்கு மனம் விட்டுப் போயிருந்தது. எட்டு மாதம், விரல் நுனியெல்லாம் காய்ப்பு. எல்லாம் ஒன்றுக்கும் ஆகாமல் போயிற்றே. கெசியா பந்தியில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றார்.

"அவ பாடல டீச்சர். மூணு நாலு இடத்துல விட்டுட்டேன்."

"நிறுத்துனியளா?"

"இல்ல."

"அப்பம் உக்காந்து சாப்பிடுங்க. சோறு வருது."

உட்கார்ந்தார். சாப்பிட்டார். என்ன சாப்பிட்டோம் என்று தெரியவில்லை.

*

கை கழுவும் குழாயடியில் ஒரே நெரிசல். மாசிலாமணி ஒரு குழாயைத் திறந்தார். அடுத்த குழாயைத் திறந்தது ஒரு வளையல் கை. புஷ்பம்தான்.

தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நாலு இடத்துல தப்பு."

மாசிலாமணிக்குச் சோப்பு வழுக்கிக் கீழே விழுந்தது.

"எங்க?"

"முதல்ல அந்த 'ஓடிப் போயி.' அத மேல ஏத்தணும். நீங்க செத்த எலியப் போட்ட மாதிரி தொப்புன்னு போட்டுட்டிய."

"ஏத்தணுமா? எனக்குப் புரியலயே."

"இதுல புரியாததுக்கு என்ன இருக்கு? இந்தா பாருங்க."

புஷ்பம் பாடிக் காட்டினாள்.

ஓடிப் போயி எடுக்கச் சொன்னா ஊரே எம்மூஞ்சப் பாக்குது.

முதல் இரண்டு வார்த்தை முணுமுணுப்பாகத்தான் வந்தது. நடுவில் தொண்டை ஒருமுறை கரகரத்தது. அவள் நிறுத்தவில்லை.

"அண்ணாச்சி, கழுவியாச்சுன்னா நகருங்க," என்றார் பின்னாலிருந்து ஒருவர். "கையில கொழம்பு காயுது."

அந்த வரிசையில் கெசியாவும் நின்றாள். அவள் கையிலும் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது.

"பொறவு அந்தச் சேலை வருதுல்லா," என்றாள் புஷ்பம். "அங்க இழுத்து வாசிக்கணும். சாயம் எப்படி எறங்கும்? மெல்லத்தான எறங்கும்? அந்த மாதிரி." ஈரக்கையால் காற்றில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே அதையும் பாடினாள். இந்தத் தடவை குரல் பந்தல்வரை போயிற்று. பந்தியில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யோவ் அண்ணாச்சி!" என்றது வரிசை.

மாசிலாமணி குழாயை மூடினார். நகரவில்லை. மிச்சம் இன்னும் இரண்டு இடம் இருந்தது.

"மூணாவது எங்க?" என்றார்.